ஒருவரும் உட்காராத வாங்கு

உம்மா,

இன்று காலையில் ஒரு மாச்சாக்கைத் தையல் பிரித்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். நாளை மறுநாள் பெருநாள். விறாந்தையில் ஆட்கள் உட்காரப் போட்டிருக்கும் நீள வாங்கின் மெத்தை உறை நைந்துபோய், தும்பு வெளியே எட்டிப் பார்க்கிறது. சாக்கைக் கையால் கசக்கியதும் அந்த வாசம் கிளம்பிவிட்டது. மண்ணெண்ணெயும் ஈரத் துணியும் பழைய கோதுமை மாவும் கலந்த வாசம். என் தோளுக்குப் பின்னால் நின்று யாரோ "எழுத்துப் போகுதா புள்ள?" என்று கேட்டதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் கோழி நிற்கிறது.

எழுத்துப் போகவில்லை உம்மா. அப்போதும் போகவில்லை, இப்போதும் போகவில்லை. கப்பலில் வந்த சாக்கில் அந்த ஊர்க்காரர்கள் எந்த மையைத்தான் ஊற்றி அச்சடித்தார்களோ, வெயிலில் காயும்போது வெள்ளைத் துணியாகத் தெரிகிறது, பின்னால் வெளிச்சம் பட்டதும் நீலமும் சிவப்புமாக எழும்பி நிற்கிறது. நீங்கள் அந்த எழுத்தைத் திட்டிய திட்டு எனக்கு மறக்கவில்லை. யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்துக்கு அவ்வளவு பயந்தவர் இந்த ஊரில் உங்களைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்.

சாக்கைக் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கை வேலை ஓடவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

என் கலியாணம் பேசி முடித்த அன்று, பேச வந்தவர்கள் படலையைத் தாண்டியதும் நீங்கள் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தீர்கள். நம் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு பெண்ணுடையது, அதை நிரப்பி வைப்பது பெண்ணைப் பெற்றவர்களின் பாடு. வாப்பா உயிரோடு இருந்தபோது சுவர் எழுப்பினார். அவர் மவுத்தான பிறகு நீங்கள் ஓடு போட்டீர்கள். கையில் இருந்ததெல்லாம் ஓட்டோடு கூரைக்கு ஏறிவிட்டது. உள்ளே கிடந்தவை சில பன்பாய்களும் ஒரு பழைய பெட்டகமும் உரலும்தான். நடந்து முடித்து, நடு வீட்டில் நின்று, என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்:

"வெறும் வீட்டுக்கா மாப்பிள்ளையக் கூட்டிக்கொண்டு வாற? வாற ஆக்கள் எங்க இரிக்கிற, என்ட தலையிலயா?"

அடுத்த நாளிலிருந்து தொடங்கியது நம் திருட்டு வேலை. திருட்டு இல்லைதான், எல்லாவற்றையும் கேட்டுத்தான் எடுத்தோம். ஆனாலும் திருடியவர்கள் மாதிரித்தான் கொண்டுவந்து வைத்தோம். கல்முனைச் சந்தைக் கடையிலிருந்து வெறும் தேயிலைப் பெட்டிகள். பேக்கரியிலிருந்து மாச்சாக்குகள். மருதமுனைத் தறி வீடுகளிலிருந்து அறுந்த நூல் முடிகள். மேற்கே காட்டுக்குள் பெரிய அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே சாமான் ஏற்றிப்போகும் லொறிக்காரர்கள் திரும்பி வரும்போது உடைந்த பெட்டிப் பலகைகளைச் சும்மா போலக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நல்ல வெள்ளைப் பலகை, மணம்கூட நம் மரங்களின் மணம் இல்லை.

என்னத்துக்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் நீங்கள் ஒவ்வொரு கதை சொன்னீர்கள். கடைக்காரரிடம், தேங்காய் போட்டு வைக்கப் பெட்டி. பேக்கரியில், நெல்லுக் காயப்போடச் சாக்கு. தறிக்காரப் பெண்ணிடம், பந்தலுக்குக் கயிறு திரிக்க நூல். உண்மையை ஒருவரிடமும் சொல்லவில்லை. "மகளுக்குக் குப்பையில வீடு சோடிக்கிறாள் எண்டு சொல்லிப்போடுவாங்க. மானத்தோட ஒரு கலியாணம் முடிச்சாப் போதும்" என்பீர்கள். கதவைச் சாத்திவிட்டுத்தான் வேலை செய்தோம். ஆணி அடிக்கும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று சுத்தியலின் தலைக்குத் துணி சுற்றினீர்கள். துணி சுற்றிய சுத்தியலால் ஆணி அடித்தவர்களுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு. ஒன்றுக்குப் பத்து அடி அடிக்கவேண்டும், அதில் பாதி விரலில் விழும்.

ஆனால் அந்த நாட்களில் நாம் சிரித்த சிரிப்பு வாப்பா போனதற்குப் பிறகு அந்த வீட்டில் கேட்டதில்லை. தேயிலைப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அலுமாரி செய்தீர்கள். கீல் வாங்க வழியில்லை என்று வாப்பாவின் பழைய செருப்புத் தோலை வெட்டிக் கதவுக்கு அடித்தீர்கள். "உங்கட வாப்பா ஒரு நாளும் எனக்கு அலுமாரி வாங்கித் தரல்ல. இப்ப காலாலயாவது தந்திட்டார்" என்று சொல்லிவிட்டு, நீங்களே சிரித்து, நீங்களே கண்ணைத் துடைத்தீர்கள். விறாந்தைக்கும் வீட்டுக்கும் நடுவில் தொங்கவிடும் திரையை மாச்சாக்கில் தைத்து, தறி வீட்டில் மிஞ்சிய சாயத் தண்ணீரில் முக்கினோம். சிவப்பாக வரும் என்று பார்த்தால், நாவல்பழம் தின்ற நாக்கின் நிறத்தில் வந்தது. நீங்கள் அதைத் தூக்கிப் பிடித்து, "பரவாயில்ல, எழுத்து மறஞ்சிட்டு" என்றீர்கள். அதுதான் உங்களுக்குப் பெரிய விசயம்.

எல்லாம் ஆயிற்று. விறாந்தைக்கு வாங்கு மட்டும் ஆகவில்லை. ஆண்கள் வந்தால் சாய்ந்து உட்கார நீளமாக ஒரு வாங்கு வேண்டும். "வாங்கில்லாட்டி அது விறாந்தையா, ஆட்டுக்கொட்டிலா?" என்று நீங்கள் புலம்பிக்கொண்டிருந்தீர்கள். தேயிலைப் பெட்டிப் பலகை அதற்குக் காணாது. நீளமான, பாரம் தாங்கும் மரம் வேண்டும்.

அப்போதுதான் பள்ளிவாசல் கூரையைப் பிரித்துப் புதிதாகக் கட்டினார்கள். பழைய மரங்களைக் குவியல் குவியலாக வைத்து, ஜும்ஆவுக்குப் பிறகு ஏலம் போட்டார்கள். கடைசிக் குவியலை ஒருவரும் கேட்கவில்லை என்ற செய்தி பெண்கள் வாய் வழியாக நமக்கு வந்தது. நீங்கள் முந்தானையை இழுத்துத் தலையைப் போர்த்திக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, பாங்கு சொல்லும் மோதினார் வீட்டு வேலியோரம் போய் நின்றீர்கள்.

"மோதினார் காக்கா, அந்தக் கடைசிக் குவியல ஆரும் கேக்கல்லயாமே?"

"ஓம் தங்கச்சி, கேக்கல்லத்தான். உங்களுக்கு என்னத்துக்கு அது?"

நீங்கள் கொஞ்சம் தயங்கினீர்கள். பிறகு வழக்கம்போலச் சொன்னீர்கள்: "அடுப்புக்குத்தான் காக்கா. கலியாணச் சமையல் வருகுதே."

"அடுப்புக்கெண்டாச் சரி," என்றார் அவர். திரும்பிப் போகப் போனவர், நின்று, இன்னொரு தடவையும் சொன்னார்: "அடுப்புக்கெண்டா எடுங்க."

இரண்டாம் தடவை ஏன் சொன்னார் என்று நாம் யோசிக்கவில்லை. குறைந்த விலைக்குக் கிடைத்துவிட்ட சந்தோசத்தில் நீங்கள் வரும் வழியெல்லாம் அல்லாஹ்வைப் புகழ்ந்துகொண்டு வந்தீர்கள். பாண்டிருப்புக் கரத்தைக்காரர் ஒருவர் அதை மாட்டுக் கரத்தையில் ஏற்றிவந்து நம் பின் வளவில் கொட்டினார். அவர் தமிழ் ஆள், முஸ்லிம் இல்லை. நம் பள்ளிவாசலுக்குள் எது எங்கே கிடந்தது என்று அவருக்கு என்ன தெரியும்? நமக்குத்தான் என்ன தெரியும்? நீங்களோ நானோ அந்த வாசலுக்குள் ஒரு நாளும் காலெடுத்து வைத்ததில்லை.

உளுத்த சட்டங்களுக்கு நடுவில் இருந்தன அந்த இரண்டு கம்புகளும். நல்ல முதிரை மரம். ஓர் ஆள் உயரத்தைவிட நீளம், வளைவில்லை, வெடிப்பில்லை. இரண்டு நுனிகளிலும் மரம் பளபளவென்று தேய்ந்து, கொஞ்சம் குழிந்து, எண்ணெய் பூசினதுபோல் இருந்தது. நீங்கள் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தீர்கள். கன்னத்தைக்கூட வைத்தீர்கள்.

"எத்தின பேர்ர கை பட்டிரிக்கும் பாரு. ஹவுளடியில உழூச் செய்யக்குள்ள புடிக்கிற கம்பா இரிக்கும். பறக்கத்தான, அருள் உள்ள மரம் புள்ள இது. இழைப்புளியே போடத் தேவல்ல."

கைகால் கழுவும் தொட்டியருகே நின்ற கம்பு என்று நீங்கள் சொன்னதை நானும் நம்பினேன். ஒன்றை முன்னுக்கும் ஒன்றைப் பின்னுக்குமாக வைத்து, நடுவில் லொறிப் பலகைகளை அடித்து, நாலு கால் கொடுத்தோம். கம்பில் இருந்த பழைய இரும்புத் துளைகளைத் தேன்மெழுகும் மரத்தூளும் குழைத்து அடைத்தீர்கள். கடற்கரையில் பொறுக்கிக் காயவைத்த திருக்கைத் தோலால் நான் பலகைகளைத் தேய்த்தேன். கம்பைத் தேய்க்க நீங்கள் விடவில்லை. "அத உட்டிடு, அது அப்படியே அழகு" என்றீர்கள். தும்பும் நூல் முடியும் திணித்து மெத்தை தைத்தோம். உறையை எழுத்து அடியில் போகும்படி போட்டோம். தேங்காய் எண்ணெய் பூசி விறாந்தையில் கொண்டுபோய் வைத்ததும், நீங்கள் படலையடிக்குப் போய், விருந்தாளி வருவதுபோல் நடந்துவந்து, அதில் உட்கார்ந்து பார்த்தீர்கள். அன்று உங்கள் முகம் இருந்த இருப்பு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கலியாணம் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு. இறக்காமத்திலிருந்து சாச்சா காலையிலேயே வந்துவிட்டார். வாப்பாவின் தம்பி, எனக்கு வலியாக, பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பாளராக, நிற்கவேண்டியவர் அவர்தான். வாப்பா மவுத்தானபோது மழையில் பாதை அடைபட்டு அவரால் மண் போடக்கூட வர முடியவில்லை. அந்த மனக்குறை தீர, அன்று அவர் வீட்டுக்காரராக நின்று ஓடியாடினார். நான் சோடித்து உட்கார்ந்திருந்தேன். நீங்கள் திரைக்குப் பின்னால் நின்று இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என்னையும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டீர்கள், அந்தப் பெருமையை நானும் பார்க்கவேண்டும் என்று.

மாப்பிள்ளைக்குப் படலையில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் குரவை விட்டார்கள். மாப்பிள்ளையின் ஆட்கள் முந்திக்கொண்டு விறாந்தைக்குள் வந்தார்கள். முதலில் வந்தவர் நேரே வாங்கருகே போனார். உட்காரக் குனிந்தவர், கம்பு நுனியைப் பார்த்தார், நிமிர்ந்தார், பாயில் போய் உட்கார்ந்தார். அடுத்தவரும் அப்படியே. அதற்கு அடுத்தவர் வாங்கைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரின் காதில் என்னவோ சொன்னார். பாய் நிறைந்தது, பாயைத் தாண்டி வெறும் நிலத்திலும் ஆட்கள் உட்கார்ந்தார்கள். வாங்கு நடுவில் வெறுமையாகக் கிடந்தது. குரவை ஒவ்வொரு வாயாக நின்றது.

நீங்கள் என் கையைப் பிடித்துக் கிள்ளினீர்கள். "எழுத்துத் தெரியுது. நான் சொன்னனே, எழுத்துத் தெரியுது!"

சாச்சாவைத் திரையருகே கூப்பிட்டு, "தம்பி, மெத்தையத் திருப்பிப் போடுங்க" என்றீர்கள். அவரும் அவ்வளவு பேர் முன்னாலும் மெத்தையைத் தூக்கித் திருப்பிப் போட்டார். அப்போதுதான் நீலமும் சிவப்புமாக எழுத்து மேலே வந்து பளிச்சென்று நின்றது. அதற்கும் ஒருவரும் அசையவில்லை. சாச்சாவுக்கு ரோசம் வந்துவிட்டது.

"ஏன் எல்லாரும் நிலத்தில? வாங்கில இரிங்களன்" என்று சொல்லி, தானே போய் அதில் உட்கார்ந்தார். "அஸ்தஃபிருல்லாஹ்" என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

மாப்பிள்ளையின் பெரியவாப்பா எழுந்தார். "எழும்புங்க தம்பி. அது உசிரோட இரிக்கிறவங்க இரிக்கிற சாமான் இல்ல."

"என்ன கதைக்கிறீங்க?"

"நீங்க வெளியூர், உங்களுக்குத் தெரியாது. அது எங்கட பள்ளிச் சந்தூக்குக் கம்பு. இந்த ஊர்ல உள்ள எந்த ஆம்பிளையையும் கேட்டுப்பாருங்க. கண்ணக் கட்டிப்போட்டு வெச்சாலும் தோளுக்குத் தெரியும்."

சந்தூக்கு. இறந்தவரின் மையித்தை வைத்து மையவாடிக்குத் தோளில் தூக்கிப்போகும் பெட்டி. அது வீட்டுக்கு வரும்போது கால்வரை போர்வை மூடித்தான் வரும், மூடித்தான் போகும். பெண்கள் அந்தப் போர்வையைப் பார்த்து அழுதிருக்கிறோம்; அடியில் என்ன மரம் என்று எந்தப் பெண்ணும் பார்த்ததில்லை. அந்த நுனிகளைத் தேய்த்தவை தோள்கள். ஏலத்தில் அந்தக் குவியலை ஏன் ஒருவரும் கேட்கவில்லை என்பது அந்த நொடியில்தான் நமக்கு விளங்கியது.

"மாப்பிள்ளையச் சந்தூக்கில இருத்தவா கூப்பிட்டீங்க? நல்ல காரியத்தில இது என்ன வேல? எழும்புங்கடா, புள்ளையக் கூட்டிக்கொண்டு போவம்" என்றார் பெரியவாப்பா.

"அடுப்புக்கெண்டுதானே கேட்டாங்க!" என்று மோதினார் மூலையிலிருந்து கத்தினார். பாவம், அவர் தன் பழியைத் துடைத்துக்கொள்ளப் பார்த்தார். ஆனால் உம்மா, அந்த ஒரு சொல்லால் நம் கதவு முழுவதும் திறந்துகொண்டது. பேக்கரிக்காரரும் அங்கேதான் இருந்தார், மெத்தை எழுத்தைப் பார்த்துக்கொண்டு. கடைக்காரரும் இருந்தார். நெல்லுக் காயப்போட வாங்கிய சாக்கு எது, தேங்காய் போட வாங்கிய பெட்டி எது என்று ஒவ்வொருவர் கண்ணும் தேடத் தொடங்கியது. எனக்கு அன்று வந்த வெட்கம் சந்தூக்கினால் வந்ததல்ல. கலியாணம் முறிந்துவிடுமோ என்ற பயத்தையும் தாண்டி, நம் இல்லாமையை அத்தனை ஆண்கள் உட்கார்ந்து வாசிக்கிறார்களே என்ற வெட்கம். உடம்பில் போட்டிருந்த கலியாணச் சேலைகூட இரவலோ என்று பார்ப்பார்கள்போல் இருந்தது. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

நிக்காஹ் எழுத வந்திருந்த லெப்பை மட்டும், "மார்க்கத்தில இதுக்குத் தடை ஒண்டும் இல்ல" என்று மெதுவாகச் சொன்னார். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

அப்போதுதான் கால் கழுவி முடித்து உங்கள் மருமகன் உள்ளே வந்தார். எல்லாரும் எழுந்து நிற்பதைப் பார்த்தார். பெரியவாப்பா அவருடைய காதில் சொன்னார். அவர் வாங்கின் முன் நுனிக்குப் போய், குனிந்து, தேய்ந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு அந்த எழுத்து மெத்தையில் உட்கார்ந்தார்.

"என்ட வாப்பாவக் கொண்டுபோகக்குள்ள இது என்ட தோளில இருந்த. அண்டைக்கு எனக்கு ஒண்டும் செய்யல்ல, இண்டைக்கும் செய்யாது. லெப்பை, நீங்க எழுதுங்க."

அவ்வளவுதான் சொன்னார். பெரியவாப்பா நின்றபடியே நின்றார். நிக்காஹ் நடந்தது. அடுத்து, பலர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டுகள் வைத்துச் சோறு பரிமாறினார்கள். கை கழுவும்போது ஒருவன், "விறகுக்கெண்டு வாங்கி வாங்கு செஞ்சவங்க, கட்டில என்னத்தில செஞ்சிருப்பாங்களோ" என்றான். சிரிப்பு வந்தது. நீங்கள் அதையும் கேட்டீர்கள். குசினிக்குள் போய்க் கவிழ்த்து வைத்திருந்த உரலில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். பெற்ற ஒரே மகளின் கலியாணத்தின் மிச்சத்தை நீங்கள் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலையில் கோடாரியை எடுத்துக்கொண்டு திரைவரைக்கும் வந்தீர்கள், வாங்கை வெட்டி எரித்துவிட. ஆனால் மருமகன் அதில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மருமகன் முன்னால் மாமி வரக்கூடாதே. திரைக்கு இந்தப் பக்கம் கோடாரியோடு நீங்கள். அந்தப் பக்கம், எழும்பும் எண்ணமே இல்லாமல் அவர். கோடாரியின் நிழல் திரைக்குக் கீழால் தெரிந்திருக்கவேண்டும்.

"மாமி, இன்னொரு தேத்தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டார்.

அன்று அவர் கடை திறக்க வெகுநேரம் பிந்திப் போனார். அவர் போனபோது நீங்கள் கோடாரியைச் சுவரில் சாத்திவிட்டு, ஈர்க்கு எடுத்து வளவு கூட்டிக்கொண்டிருந்தீர்கள்.

வாங்கு தப்பியது. பெயர் தப்பவில்லை. "சந்தூக்கு வீடு" என்று ஊர் நமக்குப் பெயர் வைத்துவிட்டது. அலுமாரியைத் திறந்து பார்ப்பதற்கென்றே பெண்கள் சாட்டுச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி செருப்புத் தோல் கீலை விரலால் ஆட்டிப் பார்த்தாள். முன்பெல்லாம் சந்தைவரைக்கும் நாக்கு நீண்டிருந்தவர், அதற்குப் பிறகு வேலிக்கு வெளியே கதைப்பதை நிறுத்திவிட்டீர்கள். விறாந்தைக்கு ஆண்கள் வந்தால் திரையின் ஒரு மடிப்பைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். வாங்கில் உட்கார்ந்தால் ஒரு பெருமூச்சு. பாயில் உட்கார்ந்தால் அன்று முழுவதும் சாப்பாடு இறங்காது.

ஒரு நாள், கலியாணம் முடிந்து நாளாகிவிட்டிருந்தது, திரைக்குப் பின்னால் நின்று அவரைக் கேட்டீர்கள். நான் குசினி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

"மகன், என்ட மகள்ட வாப்பாவக் கொண்டுபோன அண்டைக்கு நீங்களும் தோள் குடுத்தீங்களா?"

"ஓம் மாமி. குடுத்தன்."

"எந்தப் பக்கம்?"

அவர் வாங்கைத் திரும்பிப் பார்த்து யோசித்தார். பின்கம்பின் இடது நுனியைத் தொட்டார். "இஞ்ச. வீதி முனை மட்டும். அதுக்குப் புறகு வேற ஆள் மாறின."

அவர் கடைக்குப் போனதும் ஈரத் துணியோடு வெளியே வந்து, தூசி துடைப்பதுபோல் அந்த நுனியில் வந்து நின்றீர்கள். துடைக்கவில்லை. கையை வைத்துக்கொண்டு நின்றீர்கள். நான் பார்ப்பதைக் கண்டதும், "அழுக்குப் புடிச்சிரிக்கி" என்று சொல்லி வேகமாகத் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். அந்தக் கம்புகளில் வாப்பாவும் போயிருக்கிறார் என்பதை நான் அதுவரை நினைத்துப் பார்க்கவே இல்லை. நீங்கள் கோடாரியைச் சாத்தி வைத்த அன்றே நினைத்திருப்பீர்கள் என்று இப்போது தோன்றுகிறது.

உங்களையும் சென்ற மாரியில் கொண்டுபோனார்கள். புதுச் சந்தூக்கு, வழக்கம்போல மூடித்தான் வந்தது. கபன் துணியில் கட்டிய உங்களை அதில் வைத்து, ஆண்கள் தூக்கப்போகும் நேரம், நான் உங்கள் மருமகனைக் கூப்பிட்டேன்.

"அந்தப் போர்வைய ஒருக்காத் தூக்குங்க."

"உம்மாட முகத்தத்தான் பாத்திட்டியே?"

"முகத்துக்கில்ல. கம்பப் பாக்கணும்."

அவர் குனிந்து ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். வெளிர் நிற மரம், மூலைக்கு மூலை இரும்புப் பட்டை, ஒரு முடிச்சுக்கூட இல்லை. நுனிகள் இன்னும் தேயவில்லை. பக்கத்தில் நின்ற பெண்கள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நான் நன்றாகப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டேன். இனி நம் வீட்டுப் பெண் ஒருத்தியும் அதை வேறு மரம் என்று நினைக்க வேண்டாம்.

சாக்கு காய்ந்துவிட்டது உம்மா. உறையை இனித்தான் தைக்கவேண்டும். எழுத்தை அடியில் போடுவதா மேலே போடுவதா என்று இவ்வளவு நேரமும் யோசித்துக்கொண்டிருந்தேன். மேலே போட்டால் துணிச்சல்காரி என்று நீங்கள் சொல்லுவீர்கள். எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. அடியில்தான் போடப்போகிறேன். யாரும் இப்போது நம்மைப் பார்த்துச் சிரிப்பதில்லை. சந்தூக்கு வீடு என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு அது ஏன் வந்த பெயர் என்றே மறந்துவிட்டது. உங்கள் மருமகன் தினமும் அதில்தான் இருந்து தேத்தண்ணீர் குடிக்கிறார். ஆனாலும் எனக்கு வெட்கம் போகவில்லை. பிழை செய்யாதவர்களுக்கு ஏன் இவ்வளவு வெட்கம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

திரையைத்தான் நான் மாற்றவே இல்லை. நாவல்பழ நிறம் போய்ச் சாம்பலாகிவிட்டது. நீங்கள் பிடித்துப் பிடித்து நின்ற மடிப்பில் நூல் தேய்ந்து, விரல் பட்ட இடம் மட்டும் மெல்லிசாக, வழவழப்பாக இருக்கிறது. பெருநாள் தொழுகை முடிந்து ஆண்கள் சலாம் சொல்ல வருவார்கள். பெரியவாப்பாவும் வருவார், இப்போது அவருக்குக் கால் நோவு, நிலத்தில் இருந்து எழும்ப முடியாது. நான் அந்த மடிப்பை அதே இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் வாங்கடியில் வந்து, குனிந்து, உட்காரும்வரை எனக்கு மூச்சு வராது.